ஷாக் காலர் இல்லாமலும் லாப்ரடார் பழகும்

"ஷாக் காலர் (மின்னதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டை) இல்லாமல் வீட்டு லாப்ரடார் நாயை வேட்டைத் துணைக்குப் பழக்க முடியாது, தின்பண்டம் கொடுத்தால் பயிற்சி டம்மியை (பறவைக்குப் பதிலாக எறிந்து எடுத்துவரச் சொல்லும் பொருளை) கீழே போட்டுவிடும்" என்று சிலர் சொல்வதில் முதல் பாதி தவறு. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் 2010-லேயே அந்தக் காலருக்குத் தடை வந்துவிட்டது. அங்கே லாப்ரடார்கள் இன்றும் சுட்ட பறவைகளை எடுத்து வருகின்றன.

இரண்டாவதில் கொஞ்சம் உண்மை உண்டு. நாய் திரும்பி வரும்போதே பிஸ்கட்டைக் காட்டினால் வாயில் இருப்பதை உதறிவிடும். டம்மி கைக்கு வந்த பிறகு கொடுங்கள், சரியாகிவிடும். அப்புறம், இந்த இனத்துக்குப் பிஸ்கட்டைவிடப் பெரிய பரிசு ஓடிப்போய் எடுத்து வருவதுதான். டம்மி விழும்போது அசையாமல் உட்கார்ந்திருந்தால் மட்டும் அனுப்புங்கள்; சில டம்மிகளை நீங்களே நடந்துபோய் எடுங்கள். துப்பாக்கிச் சத்தத்தை மட்டும் வெகு தூரத்திலிருந்து தொடங்குங்கள். ஒருமுறை மிரண்ட நாயைத் தேற்றுவது மிகக் கடினம்.