ஒன்ஸ் எப்படிங்க இந்த லிஸ்ட்ல வந்துச்சு?

மனச லேசாக்குற ரொமான்டிக் காமெடின்னு லிஸ்ட் போட்டு அதுல 2007ல வந்த ஒன்ஸ் (Once)ங்கற ஐரிஷ் படத்தையும் சேத்துருக்கீங்களே, முழுசா பாத்தீங்களா சார்? ஹீரோ ஹீரோயினுக்கு பேரே கெடையாது, ஒரு முத்தம் கெடையாது, ரிப்பேரான வேக்குவம் கிளீனர டப்ளின் தெருவுல நாய்க்குட்டி மாதிரி இழுத்துக்கிட்டே அந்தப் பொண்ணு அவன்கூட நடக்குமே, என்னக் கேட்டா அதான் லவ் சீனே. கடைசில அவன் லண்டன் கெளம்பிருவான், அவ வீட்டுக்கு பியானோ வந்து எறங்கும், ஏர்போர்ட்டுக்கு யாரும் தொரத்திட்டு ஓடல. ஊட்டிக்கு பக்கத்துல இருக்குற கேத்திக்காரங்க எங்களுக்கு இது புதுசில்ல, 1982லயே மூன்றாம் பிறை கிளைமாக்ஸ எங்க ஸ்டேஷன்லதான் எடுத்தாங்க, அதுல ரயிலு பொண்ண ஏத்திட்டு போயே போச்சு. டூயட் எடுக்க ஊட்டிக்கு வர்ற யூனிட்டுங்கதான் இன்னும் திருந்தல, அதே பைன் மரம், அதே ஸ்லோமோஷன், குளுருல நடுங்குற அதே ஹீரோயின்.