டாவிஸ்டாக் நிலையம் ஆளில்லாமல் மூடப்படவில்லை

அந்தக் காணொளியை நான் இங்கே மறுபடி பகிரப் போவதில்லை. கடந்த சில நாட்களாக இங்கிலாந்துத் தமிழர் குழுக்கள் அனைத்திலும் அது சுற்றி வருவதால் நீங்கள் பார்த்திருப்பீர்கள். எங்கள் ஊரில் பழைய ரயில் பாதையின் வளைவுப் பாலத்தின் மேல் நின்றுகொண்டு, கீழே தெரியும் கூரைகளையும் புகைபோக்கிகளையும் அழகாகப் படம்பிடித்த அந்தத் தம்பி, எங்கள் டாவிஸ்டாக் ரயில் நிலையத்தைப் பற்றி "ஏறுவதற்கு ஆளில்லை, நஷ்டம், அதனால் மூடிவிட்டார்கள்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார். அது சரியல்ல என்று நான் கீழே நான்கு வரி எழுதினேன். அதற்கு வந்த பதில்களையும் பார்த்திருப்பீர்கள். "எப்போதோ மூடிய ஸ்டேஷனுக்கு இந்த அக்கா ஏன் இவ்வளவு கொதிக்கிறார்?" என்று ஒருவர் கேட்க, நூற்றுக்கணக்கானோர் அதற்குச் சிரிப்புக்குறி போட்டிருக்கிறார்கள்.

ஏன் கொதிக்கிறேன் என்று சொல்கிறேன். டாவிஸ்டாக் நிலையம் ஆளில்லாமல் மூடப்படவில்லை. அதை ஆளில்லாத நிலையமாக ஆக்கி, அதன் பிறகு மூடினார்கள். இரண்டும் ஒன்றல்ல.

டெவன் மாவட்டத்தில், டார்ட்மூர் மேட்டுநிலத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கும் சந்தை ஊர் இது. சந்தைக்கான உரிமை 1105இல் கிடைத்தது. இன்றும் வாரச்சந்தை கூடுகிறது. 1840களில் அருகே செம்புச் சுரங்கம் கண்டுபிடிக்கப்பட்டு ஊர் பணத்தில் மிதந்த காலம் ஒன்று இருந்தது. இந்த ஊருக்கு ஒன்றல்ல, இரண்டு ரயில் நிலையங்கள். முதலாவது 1859 ஜூன் 22 அன்று, தெற்கே இருக்கும் துறைமுக நகரமான பிளிமத்திலிருந்து வந்த அகலப் பாதையில் திறக்கப்பட்டது. பின்னர் அது கிரேட் வெஸ்டர்ன் கம்பெனியின் கைக்குப் போனது. அவர்களுக்குப் போட்டியான லண்டன் அண்ட் சவுத் வெஸ்டர்ன் கம்பெனியின் ரயில்கள் லிட்ஃபோர்ட் வரை வந்து, அங்கிருந்து பிளிமத் போகப் பல ஆண்டுகள் எதிரியின் தண்டவாளத்தையே கடன் வாங்கி ஓடின. அந்த நிலையை மாற்றுவதற்காகத்தான் 1890 ஜூன் 2 அன்று புதிய பாதை திறக்கப்பட்டது. ஊருக்கு மேலே, மலைச்சரிவில், கருங்கல்லால் கட்டப்பட்ட அந்த இரண்டாவது நிலையம்தான் காணொளியில் வருவது. அங்கே ஏறி உட்கார்ந்தால் எக்ஸிடர் வழியாக லண்டன் வாட்டர்லூவில் இறங்கலாம். கிளைப்பாதையில் கிடந்த சிற்றூர் நிலையம் என்று அதை நினைத்துவிடாதீர்கள். தலைநகரத்துக்குப் போகும் நேர்வழியில் இருந்த நிலையம் அது.

எங்கள் தெருவில் எண்பது கடந்த ஒரு பாட்டி இருக்கிறார். இளம் வயதில் டெவன்போர்ட் கப்பற்படைத் தளத்தின் அலுவலகத்தில் தட்டச்சு வேலைக்கு இந்த நிலையத்திலிருந்துதான் போய் வந்திருக்கிறார். குளிர்காலக் காலைகளில் காத்திருப்பு அறையில் கரியடுப்பு எரியும் என்றும், அதற்கு அருகே இருந்த பெஞ்சுக்குப் பெண்களுக்குள் சொல்லப்படாத ஒரு வரிசை இருந்தது என்றும் சொல்வார். ஜூன் மாதம் வந்தால், டேமர் பள்ளத்தாக்கில் பறித்த ஸ்ட்ராபெர்ரிப் பழங்கள் பீர் ஆல்ஸ்டன் நிலையத்தில் கூடை கூடையாக ஏற்றப்பட்டு லண்டன் சந்தைக்குப் போகும். அந்தச் சரக்குப் பெட்டி இங்கே வந்து நிற்கும்போது பிளாட்பாரம் முழுவதும் பழவாசனை அடிக்குமாம். அந்தப் பாட்டி ஏறிய நிலையத்தைத்தான் இந்தத் தம்பி "ஏறுவதற்கு ஆளில்லை" என்கிறார்.

சரி, நடந்தது என்ன? 1963 ஜனவரி 1 அன்று, எக்ஸிடருக்கு மேற்கே இருந்த இந்தப் பாதை முழுவதும், அரசு நடத்திய பிரிட்டிஷ் ரயில்வேயின் மேற்கு மண்டலத்தின் நிர்வாகத்துக்கு மாற்றப்பட்டது. மேற்கு மண்டலம் என்பது பழைய கிரேட் வெஸ்டர்னின் வாரிசு. டாலிஷ் கடற்கரை வழியாகப் பிளிமத் போகும் சொந்தப் பாதை அதற்கு ஏற்கெனவே இருந்தது. பல தலைமுறைகளாகப் போட்டியாளராக இருந்தவரின் பாதை இப்போது அவர்கள் கையில். 1964 செப்டம்பரில் வாட்டர்லூவிலிருந்து வந்துகொண்டிருந்த புகழ்பெற்ற அட்லாண்டிக் கோஸ்ட் எக்ஸ்பிரஸ் நிறுத்தப்பட்டது. அதன் பிறகு எஞ்சியது பெரும்பாலும் சில பெட்டிகள் கொண்ட டீசல் வண்டிகள். லண்டன் போக வேண்டியவர் எக்ஸிடரில் இறங்கி மாறியாக வேண்டும். ஒரு வண்டி தாமதமானால் அடுத்ததைப் பிடிக்க முடியாது. பாட்டியின் கணவர் அந்தக் காலத்தில்தான் பழைய கார் ஒன்றை வாங்கினாராம். அவரைப் போல ஒவ்வொரு குடும்பமாக விலகிய பிறகு பயணிகளை எண்ணிப் பார்த்து, "பாருங்கள், ஆளில்லை" என்றார்கள். 1968 மே 6 முதல் டாவிஸ்டாக்கில் ரயில் நிற்பதும் நின்றது.

நான் கோபப்படுவது இந்த வரிசைக்காகத்தான். முதலில் சேவையைக் குறைத்தார்கள். அதனால் ஆள் குறைந்தது. ஆள் குறைந்ததையே காரணமாகக் காட்டி மூடினார்கள். வரலாறு சொல்ல வருபவர் கடைசிப் படியை மட்டும் சொல்லிவிட்டு முதல் படியை விட்டுவிட்டால், முடிவெடுத்தவர்கள் அனைவரும் விடுதலையாகி, பழி முழுவதும் ரயிலில் ஏறாத ஊர்மக்கள் தலையில் விழுகிறது.

இனி எனக்குப் பாடம் எடுத்தவர்களுக்கு வருகிறேன். "பீச்சிங் அறிக்கையைப் படித்ததில்லையா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். படித்திருக்கிறேன் ஐயா. 1963 மார்ச்சில் பிரிட்டிஷ் ரயில்வேயின் தலைவர் ரிச்சர்ட் பீச்சிங் வெளியிட்ட அந்த அறிக்கை, 2,363 நிலையங்களையும் சுமார் 5,000 மைல் பாதையையும் மூடச் சொன்னது. நாட்டின் பாதை நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு, மொத்தப் பயணத்தில் நூற்றில் ஒரு பங்கைத்தான் சுமக்கிறது என்று அது கணக்குக் காட்டியது. அந்தக் கணக்கு எடுக்கப்பட்டது 1961 ஏப்ரலில், ஒரே ஒரு வாரத்தில். டெவனுக்கும் கார்ன்வாலுக்கும் ஆண்டின் கூட்டமெல்லாம் கோடைவிடுமுறையில் வருவது. ஏப்ரலில் எண்ணினால் எங்கள் பக்கத்துப் பாதைகள் எப்படித் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். அப்போது போக்குவரத்து அமைச்சராக இருந்த எர்னஸ்ட் மார்ப்பிள்ஸ், அரசியலில் உயர்வதற்கு முன் சாலைகள் கட்டும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கியவர்களில் ஒருவர் என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் பழியை அந்த இருவர்மேல் மட்டும் போட எனக்கு மனம் ஒப்பவில்லை. 1964 தேர்தலில் பெரிய மூடல்களை நிறுத்திவைப்போம் என்று சொல்லி வந்தவர்கள் தொழிற்கட்சியினர். எங்கள் பாதை மூடப்பட்டது அவர்களின் ஆட்சியில்தான். பாதையை மூடிய அதே 1968ஆம் ஆண்டு அக்டோபர் 25 அன்று புதிய போக்குவரத்துச் சட்டம் ஒப்புதல் பெற்றது. லாபம் வராவிட்டாலும் மக்களுக்குத் தேவையான பயணி ரயில்களுக்கு அரசு மானியம் கொடுக்கலாம் என்றது அந்தச் சட்டம். மே மாதம் மூடல், அக்டோபரில் சட்டம். இடையில் ஆறு மாதம்கூட இல்லை. இதைப் படித்த அன்று எனக்கு வயிறு எரிந்தது.

"சின்ன ஊருக்கு எதற்கு இரண்டு ஸ்டேஷன்?" என்பது இன்னொருவரின் கேள்வி. இதில் நியாயம் இருக்கிறது. கீழே இருந்த பழைய நிலையம் 1962 டிசம்பரில் மூடப்பட்டதை நான் குறை சொல்லவில்லை. டிசம்பர் 29, அதன் கடைசி நாள். அன்று அடித்த பனிப்புயலில் அந்தப் பாதையின் கடைசி வண்டிகளே சிக்கி இரவெல்லாம் நின்றுவிட்டன. ஒன்றை மூடலாம். இரண்டையும் மூடியது எந்தக் கணக்கில் சேரும்?

"கார் வந்த பிறகு ரயில் எல்லா இடத்திலும்தான் செத்தது" என்பவர்களுக்கு, சாகாமல் பிழைத்தவற்றைக் காட்டுகிறேன். பக்கத்திலேயே டேமர் ஆற்றங்கரையில் கன்னிஸ்லேக் ஊர் இருக்கிறது. பிளிமத்திலிருந்து அங்கே இன்றும் ரயில் ஓடுகிறது. கூட்டம் நிரம்பி வழிந்ததால் அது தப்பவில்லை. அந்தப் பள்ளத்தாக்கில் ரயிலுக்கு மாற்றாகப் பேருந்து விடக்கூடிய சாலை இல்லை, அதனால் தப்பியது. வடக்கே ஓக்ஹாம்ப்டனில் 1972இல் பயணி ரயிலை நிறுத்தினார்கள். ஆனால் அருகிலிருந்த மெல்டன் கல்குவாரியிலிருந்து தண்டவாளத்துக்குப் போடும் ஜல்லி ஏற்ற வேண்டியிருந்ததால் பாதையைப் பிடுங்கவில்லை. பாதை கிடந்ததால் 2021 நவம்பர் 20 அன்று அங்கே மறுபடி தினசரி ரயில் வந்தது. முதல் ஆண்டிலேயே இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட பயணங்கள்! யாரும் ஏறமாட்டார்கள் என்று அரை நூற்றாண்டுக்கு முன் எழுதிவைத்த பாதையில்தான் இவ்வளவு பேர் ஏறுகிறார்கள். ஒரு ஊரைக் குறுகலான சாலை காப்பாற்றியது, இன்னொன்றை ஜல்லிக்கல் காப்பாற்றியது. எங்கள் ஊருக்குச் சுமாரான ஒரு சாலை இருந்ததே வினையாகப் போயிற்று.

அந்தச் சாலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் "கார் வாங்குங்கள் அக்கா, பிரச்சினை தீர்ந்தது" என்று எழுதியவருக்கு நூற்றுக்கணக்கில் விருப்பக்குறிகள் விழுந்திருக்கின்றன. எனக்கு வலிப்பு நோய் இருக்கிறது. அண்மையிலும் வலிப்பு வந்ததால் ஓட்டுநர் உரிமம் கிடைக்காது. இதை இங்கே பொதுவில் எழுத வேண்டி வரும் என்று நான் நினைத்ததில்லை. வேலை பிளிமத்தில், வீடு டாவிஸ்டாக்கில், நடுவே 24 கிலோமீட்டர். சென்ற நவம்பரில் ஒரு மழை மாலை, யெல்வர்டனுக்கு முன்னால் ஏதோ விபத்து என்று சாலையை அடைத்துவிட்டார்கள். பேருந்துக்குள் சன்னலெல்லாம் மூச்சுக்காற்றில் மங்கிப்போக, முன்னும் போகாமல் பின்னும் போகாமல் நின்றோம். பள்ளி முடிந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில் என் மகள் மட்டும் மீதி. அங்கிருந்த ஆசிரியை மூன்றாவது முறை அழைத்தபோது குரலில் பொறுமை போயிருந்தது. நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தேன். வீட்டுக்கு வந்த பிறகு, "எல்லாரும் போய்ட்டாங்கம்மா, மிஸ் கோட்டு போட்டுக்கிட்டு நின்னாங்க" என்று மகள் சொன்னாள்.

அந்த இரவில்தான் எனக்கு அந்த நிலையம் பழங்கதையாக இருப்பது நின்றுபோனது. கார் ஓட்ட முடியாதவர்கள் என்னைத் தவிர எத்தனை பேர்! பதினேழு நிரம்பாத மாணவர்கள், கண்பார்வை மங்கிய முதியவர்கள், கார் காப்பீட்டுக்குப் பணம் கட்ட முடியாதவர்கள். ஒரு நிலையத்தை மூடும்போது மூடப்படுவது இவர்களுக்கான கதவு. கார் வைத்திருப்பவருக்கு அது நடைபயிற்சிப் பாதையாகத் தெரியலாம், அதன்மேல் நின்று படம் எடுக்கலாம். நான் அதே பாலத்தில் நடக்கும்போது எனக்கு வேறு கணக்குதான் ஓடுகிறது. டாவிஸ்டாக்கிலிருந்து பீர் ஆல்ஸ்டனுக்குச் சுமார் 9 கிலோமீட்டர். அங்கிருந்து பிளிமத்துக்குத் தண்டவாளம் இன்றும் இருக்கிறது, ரயிலும் ஓடுகிறது. விடுபட்டுக் கிடப்பது அந்த 9 கிலோமீட்டர் மட்டும்தான்.

"இதெல்லாம் உங்கள் ஒரு ஊரின் பிரச்சினை" என்பவர்கள் 2014 பிப்ரவரியை நினைத்துப் பாருங்கள். டாலிஷில் கடல் சீறி, தடுப்புச் சுவரை உடைத்து, தண்டவாளத்தை அந்தரத்தில் தொங்கவிட்ட படங்கள் உலகமெங்கும் வந்தன. ஏப்ரல் 4 வரை பிளிமத்துக்கும் கார்ன்வால் முழுவதுக்கும் நாட்டின் பிற பகுதிகளுடன் ரயில் தொடர்பு இல்லை. அந்தக் கடற்கரைக்கு மாற்றாக இருந்திருக்க வேண்டிய வழி எது? ஓக்ஹாம்ப்டன், டாவிஸ்டாக், பீர் ஆல்ஸ்டன், பிளிமத். 1968இல் தேவையில்லை என்று அறுத்தெறிந்த அதே வழி.

நிலையக் கட்டடத்தைப் பழைய அழகு கெடாமல் மீட்டுத் தங்கும் விடுதியாக வைத்திருப்பவர்களுக்கு என் நன்றி உண்டு. ஆனால் சரக்கு முற்றம் இருந்த இடத்தில் இன்று நிற்பது வட்டார மன்றத்தின் அலுவலகம். ரயில் வேண்டும் என்று மனு கொடுக்கப் போனால், ரயில் இருந்த இடத்துக்கே போய்க் கொடுக்க வேண்டும். வடக்கே ஓக்ஹாம்ப்டன் வரை பாதையை நீட்டுவது கடினம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதனால்தான் தெற்கே இருக்கும் அந்த 9 கிலோமீட்டரையாவது தாருங்கள் என்று ஊரே கேட்கிறது.

கேட்டதற்கு என்ன கிடைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூடிய பாதைகளைத் திறப்பதற்கென்று 2020இல் 50 கோடி பவுண்டில் அரசு ஒரு திட்டம் அறிவித்தது. 2023 அக்டோபரில் டாவிஸ்டாக் பாதை வரும் என்று கன்சர்வேடிவ் பிரதமரே வாக்குறுதிப் பட்டியலில் சேர்த்தார். 2024 ஜூலை 29 அன்று, புதிதாக வந்த தொழிற்கட்சி அரசின் நிதியமைச்சர் பணமில்லை என்று சொல்லி அந்தத் திட்டத்தையே ரத்து செய்தார். அவர்களுக்குப் பணநெருக்கடி இருந்திருக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பணமில்லை என்ற அதே பதிலை இந்த ஊர் இரண்டு தலைமுறையாகக் கேட்டுவிட்டது. நாளைக்கு "பார், திறக்கச் சொல்லிக் கேட்பவர்களே இல்லை" என்று ஒரு அறிக்கை வராது என்பதற்கு என்ன உறுதி? கேட்பவர்களைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து வாயடைத்தால் அந்த அறிக்கையும் ஒருநாள் வரத்தான் செய்யும்.

எங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். மே 1968, அக்டோபர் 1968, பிப்ரவரி 2014, ஜூலை 2024 என்ற நான்கு தேதிகளையும் அதில் வரிசையாக வைத்திருக்கிறேன். டெவனிலும் கார்ன்வாலிலும் குடியிருக்கும் நம் ஆட்கள், குறிப்பாகக் கார் ஓட்டாதவர்கள், தங்கள் பயண அனுபவத்தை இரண்டு வரி எழுதி உள்பெட்டியில் அனுப்பினால் அதையும் சேர்த்துக்கொள்கிறேன். ஞாயிறு இரவுக்குள் அனுப்புங்கள். திங்கள் காலை அஞ்சலில் சேர்க்க வேண்டும்.