லைப்ரரிக்குள் எக்ஸிட் போட யார் உரிமை கொடுத்தது?

ஆறு மணி நேரமாக ஓடிக்கொண்டிருந்த என் சி மொழி ப்ரோகிராம் நேற்று இரவு சத்தமே இல்லாமல் காணாமல் போய்விட்டது. செக்மென்டேஷன் ஃபால்ட் (தொடக்கூடாத மெமரியைத் தொட்டால் வரும் முறிவு) இல்லை. கோர் ஃபைல் (விழுந்த நேரத்து மெமரியின் நகல்) இல்லை. எரர் என்று ஒரு வரி கூட இல்லை. எந்த எண்ணோடு முடிந்தது என்று ஷெல்லைக் (கட்டளைகளை ஓட்டும் ப்ரோகிராம்) கேட்டால் 1 என்கிறது, அதாவது தோல்வி. எதற்கு 1?

என் கோடு முழுக்கத் தேடினேன். ப்ரோகிராமை அங்கேயே முடித்து 1 என்று சொல்லும் எக்ஸிட்(1) இருப்பது ஒரே இடத்தில், ப்ரோகிராம் தொடங்கும் ஃபங்ஷனான மெயினின் தொடக்கத்தில், ஆர்கியுமென்ட் சரிபார்க்கும் வரியில். அதைத் தாண்டித்தான் ஆறு மணி நேரம் ஓடியிருக்கிறதே! சரி, மறுபடி ஓடவிடலாம் என்றால், "ஏற்கெனவே ஓடுகிறது" என்று மறுக்கிறது. ஓடுகிறது என்பதற்கு அடையாளமாக நான் வைக்கும் லாக் ஃபைலை அழிக்கும் வரி மெயினின் கடைசியில் இருக்கிறது. எக்ஸிட் கூப்பிட்ட பிறகு மெயினுக்கு எங்கே திரும்புவது? எக்ஸிட் ஆகும்போது ஓட வேண்டியதை ஏடெக்ஸிட்டில் பதிந்து வைத்திருக்கலாமே என்பீர்கள். வைக்கிறேன். ஆனால் அடுத்தவன் எப்போது என் ப்ராசஸை முடிப்பான் என்று பயந்து பயந்தா நான் கோடு எழுத வேண்டும்?

கையால் லாக்கை அழித்து, பிழை தேடும் கருவியான ஜிடிபியில் எக்ஸிட் மீதே பிரேக்பாயின்ட் (அங்கே நிறுத்தும் குறி) வைத்து, இன்னொரு ஆறு மணி நேரம் காத்திருந்தேன். அப்புறம் பேக்ட்ரேஸ் (எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டது என்ற பட்டியல்) பார்த்தால், நாலு ஃபங்ஷன் ஆழத்தில், அடுத்தவர் எழுதி நான் சேர்த்துக்கொண்ட ஒரு லைப்ரரி. ஒரு தற்காலிக ஃபைலைத் திறக்கப் போயிருக்கிறது, திறக்க முடியாமல் எஃப்ஓபன் நல் கொடுத்திருக்கிறது, உடனே எக்ஸிட்(1). காரணம், எரர் எண்ணை வைக்கும் எர்நோவில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஒரு ரிட்டர்ன் -1 போதும், மீதியை நான் பார்த்திருப்பேன். வேறு டைரக்டரியில் திறந்திருப்பேன், அதுவரை கணக்கிட்டதைச் சேமித்திருப்பேன்.

முடித்தே தீர வேண்டும் என்றால், முறிந்ததாகவே காட்டி முடிக்கும் அபார்ட் இருக்கிறதே. சிக்னல் 6 வரும், ஷெல் 134 காட்டும், கோர் கிடைத்தால் அந்த இடத்திலேயே போய் நிற்கலாம். எக்ஸிட்டோ பஃபரில் காத்திருப்பதையெல்லாம் ஃபைலில் எழுதி முடித்து, திறந்த ஸ்ட்ரீம்களை மூடி, வேலை ஒழுங்காக முடிந்த மாதிரி கிளம்பிவிடுகிறது. தடயமே கிடையாது. ப்ராசஸை முடிப்பதா வேண்டாமா என்பதை மெயின் எழுதியவர்தான் முடிவு செய்ய வேண்டும். இரவல் வாங்கிய ஃபங்ஷனுக்கு அதில் என்ன வேலை?

நானே திருத்திவிடலாம் என்று அந்த லைப்ரரியின் சோர்ஸைத் திறந்தேன். பதினேழு எக்ஸிட். அதில் ஒன்று, மெமரி கிடைக்காமல் மாலக் தோற்கும் இடத்தில், எக்ஸிட்(0). பூஜ்ஜியம்! வெற்றி என்று அர்த்தம்!