சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி

நேற்று எங்கள் ஆஸ்பத்திரியில் வார்டு இன்சார்ஜ் நர்ஸ்களுக்கு 'கம்யூனிகேஷன் ஸ்கில்ஸ்' வகுப்பு. கண்ணைப் பார்த்துப் பேசுங்கள், சிரித்த முகமாக இருங்கள், கையைக் கட்டிக்கொண்டு நிற்காதீர்கள். சமோசா நன்றாக இருந்தது. நாங்கள் எப்படிப் பேச வேண்டும் என்று இரண்டு மணி நேரம் சொன்னார்கள். ஜூனியர் பிள்ளைகள் ஏன் எங்களிடம் வாயே திறப்பதில்லை என்று யாரும் கேட்கவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

பல வருஷம் முன்பு, வேறு ஒரு ஆஸ்பத்திரி. நான் இன்சார்ஜாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. 11-ஆம் பெட்டில் ஒரு பெரியவர். ராத்திரி சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் 20 யூனிட்.

நம் ஊரில் இன்சுலின் குப்பி பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. மில்லிக்கு 100 யூனிட் மருந்துக்கு ஆரஞ்சு மூடி. புதிதாக வந்த பிள்ளை ஒருத்தி, 40 குப்பியை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20-ஆம் கோடு வரை இழுத்துப் போட்டுவிட்டாள். அந்தச் சிரிஞ்சில் 20-ஆம் கோடு என்றால் 0.2 மில்லிதான். கணக்குப் பார்த்தால் உள்ளே போனது வெறும் 8 யூனிட். இரண்டு ராத்திரி இதே கதை. சர்க்கரை இறங்குவேனா என்கிறது. ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் டோஸை 28 ஆக்கினார். மூன்றாம் ராத்திரி டியூட்டிக்கு வந்த சிஸ்டர் சரியான சிரிஞ்சை எடுத்து முழு 28-ஐயும் போட்டார்.

விடியற்காலை மூன்றரை இருக்கும். வார்டு கூட்டுகிற அக்கா துடைப்பத்தோடு வந்து நின்றார். "சிஸ்டர், அந்த ஐயா சட்டை தொப்பலா நனைஞ்சிருக்கு. ஃபேன் நல்லாத்தானே ஓடுது?" குளுக்கோமீட்டரில் பார்த்தால் சர்க்கரை அபாயமாக இறங்கி 42. டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ், போட்டு, கொஞ்ச நேரத்தில் அவர் கண்ணைத் திறந்து "யாரும்மா நீ" என்று கேட்ட பிறகுதான் எல்லோருக்கும் மூச்சு வந்தது.

விசாரித்ததில் ஒன்று தெரிந்தது. இரண்டாம் ராத்திரியே, சிரிஞ்சைக் குப்பையில் போடும்போது அந்தப் பெண் மூடியின் நிறத்தைப் பார்த்திருக்கிறாள். காலையில் டியூட்டி முடிந்து என்னிடம்தான் நோயாளிகளை ஒப்படைத்து ஓவர் கொடுத்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன்மா என்றால், "மேடம், நீங்க கத்துவீங்கன்னு..."

அதற்கு முந்தின வாரம் ட்ரிப் நரம்புக்கு வெளியே இறங்கி ஒரு அம்மாவின் கை வீங்கியதற்காக, சொந்தக்காரர்கள் எல்லாம் நிற்க, நடு வார்டில் அவளை நான் வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தேன். இன்சிடென்ட் ரிப்போர்ட்டில் அவள் பெயரை எழுதினேன். என் பெயரை எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

"திட்டாம வேலை நடக்குமா?" என்று என் வயதுச் சீனியர்கள் கேட்பார்கள். சரி, வேலையில் அலட்சியம் என்றால் ரூமுக்குக் கூப்பிட்டுத் திட்டுங்கள். நானும் திட்டுகிறேன். ஆனால் தப்பு நடந்துவிட்டது என்று தானாக வந்து சொல்கிறவளிடம் நம் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை "ஏன் இப்படிப் பண்ணினே?" என்று இருந்தால், அடுத்த தப்பு நம் காதுக்கு வராது. "பேஷன்ட் இப்போ எப்படி இருக்கார்?" என்று கேட்டால் அவளும் யோசிக்க ஆரம்பிப்பாள். நமக்கும் அரை நிமிஷம் கிடைக்கும்.

வகுப்பில் எஸ்பார் முறையும் சொல்லிக் கொடுத்தார்கள். அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களில் இருந்து ஆஸ்பத்திரிக்கு வந்த வழக்கம் அது. இப்போது என்ன நிலைமை, முன்கதை என்ன, எனக்கு என்ன தோன்றுகிறது, என்ன செய்யலாம் என்று நாலே வரியில் டாக்டருக்குச் சொல்வது. முதல் இரண்டையும் நம் பிள்ளைகள் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிப்பார்கள். மூன்றாவதில் குரல் உள்ளே போய்விடும். நாலாவது, "சார், நீங்க நேர்ல வந்து பார்த்தா நல்லது", அது வரவே வராது. "நீ டாக்டரா, நான் டாக்டரா?" என்று ஒரு தடவை வாங்கியிருப்பாள், அல்லது பக்கத்தில் ஒருத்தி வாங்கியதைப் பார்த்திருப்பாள். அட்டையை அச்சடித்து போனுக்கு மேலே ஒட்டினால் இது சரியாகாது. அவள் பேசும்போது இன்சார்ஜ் பக்கத்தில் நிற்க வேண்டும். டாக்டர் எரிந்து விழுந்தால் போனை நாம் வாங்கிப் பேச வேண்டும்.

போன் ஆர்டரைத் திரும்பச் சொல்லி உறுதி செய்யும் பழக்கமும் அப்படித்தான். ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் போனில் ஒரே மாதிரிதான் கேட்கும். "ஒன் ஃபைவ், பதினஞ்சுதானே சார்?" என்று நான் கேட்பதைப் பார்த்தால்தான் அவளும் கேட்பாள்.

போன வாரம் நைட் ரவுண்ட்ஸில் ஒரு புதுப் பெண் வந்து நின்றாள். "மேடம், ஒண்ணு சொல்லணும்." கையில் ஒரு காலி குப்பி. எனக்கு இன்னமும் கோபம்தான் முதலில் வருகிறது, மாறிவிட்டேன் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உட்காரும்மா, பேஷன்ட் எப்படி இருக்கார்?" என்றேன். நன்றாகத்தான் இருந்தார். அப்புறம் அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.