டொலேடோவை 'நல்ல நிர்வாகி' என்று கொண்டாடாதீர்கள்

நேற்றைய அந்தப் பதிவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பெயின் மன்னர் சார்பில் தென் அமெரிக்காவின் பெருவை ஆண்ட வைஸ்ராய் பிரான்சிஸ்கோ தே டொலேடோவைத் தலைசிறந்த நிர்வாகி என்று எழுதியிருந்தார்கள். அதற்கு இத்தனை விருப்பக்குறிகள் விழுந்ததுதான் வலிக்கிறது.

அவர் நிர்வாகி இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்த நிர்வாகம்தான் ஆட்களைக் கொன்றது என்கிறேன்.

ஒரோப்பேசா பிரபு வீட்டுப் பிள்ளை. 1569 முதல் 1581 வரை பதவி. 1570-ல் கிளம்பி ஐந்து வருடம் ஊர் ஊராகப் போய்த் தலையெண்ணினார். அந்தக் கணக்கை வைத்துத்தான் பொட்டோசி வெள்ளிமலைக்கு (இன்றைய பொலிவியாவில் இருக்கிறது) ஆள் பிடித்தார்கள். 16 மாகாணங்கள், வேலைக்குத் தகுந்த பூர்வகுடி ஆண்களில் ஏழில் ஒருவர், வருடத்துக்குச் சுமார் 13,500 பேர். முறைவைத்து வாங்கிய இந்தக் கட்டாய வேலைக்குத்தான் 'மித்தா' என்று பெயர். டிட்டிகாக்கா ஏரிக்கரையிலிருந்து பெண்டு பிள்ளைகளோடு, சுமை தூக்கும் லாமா விலங்குகளை ஓட்டிக்கொண்டு நடந்தே வந்தார்கள். ஒரு வாரம் வேலை, இரண்டு வாரம் ஓய்வு என்பது விதி. முதுகில் தாதுவைக் கட்டிக்கொண்டு தோல் ஏணியில் ஏற வேண்டும். ஆலையில் இடித்த தாதுப்பொடியோடு உப்பும் பாதரசமும் கலந்து காலால் மிதிக்க வேண்டும். பிறகு சூடாக்கிப் பாதரசத்தைப் பிரிக்கும்போது எழும் ஆவி நேரே மூச்சில் போகும்.

'கூலி கொடுத்தாரே' என்பீர்கள். சுரங்கத்துக்குள் இறங்கியவருக்கு நாளுக்கு மூன்றரை ரியால் (ஸ்பானிய வெள்ளிக்காசு). அது குடும்பச் சாப்பாட்டுக்கே காணாது. அதனால்தான் ஓய்வு வாரத்திலும் கூலிவேலைக்குப் போனார்கள்.

'ஸ்பானியர்களுக்கு முன் அங்கே ஆண்ட இன்காக்களும் மித்தா வாங்கினார்களே?' வாங்கினார்கள். ஆனால் அரசுக் களஞ்சியத்திலிருந்து சாப்பாடும் சோளக் கள்ளும் கொடுத்து வேலை வாங்கினார்கள். டொலேடோ பெயரை எடுத்துக்கொண்டார், களஞ்சியத்தை விட்டுவிட்டார்.

'அந்தக் காலம் அப்படி' என்பதைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. 1572-ல் குஸ்கோ நகரில் கடைசி இன்கா மன்னர் டூப்பாக் அமாருவின் தலையை வெட்டக் கொண்டுபோனபோது, பாதிரியார்களே மண்டியிட்டு வேண்டாம் என்று கெஞ்சினார்கள். அவர்களும் அதே காலத்து ஸ்பானியர்கள்தானே! டொலேடோ அசையவில்லை.

அவருக்குப் பின்னும் அந்தக் கணக்கு விடவில்லை. கொள்ளைநோயில் ஊர்கள் பாதியாயின. மிச்சப் பேர் மித்தா இல்லாத ஊர்களுக்கு ஓடினார்கள். மக்கள் குறைந்த வேகத்துக்கு ஒதுக்கீடு குறையவில்லை. வராத ஒவ்வொரு தலைக்கும் ஊர்த்தலைவரான குராக்கா காசு கட்ட வேண்டியிருந்தது. சுரங்க முதலாளிகளில் பலர் அதை மாற்றாள் பிடிக்கச் செலவழிக்காமல் மடியில் கட்டிக்கொண்டார்கள். இல்லாத அந்த ஆட்களுக்கு 'சட்டைப்பை இந்தியர்' என்றே பெயர் விழுந்தது (பூர்வகுடிகளை ஸ்பானியர்கள் 'இந்தியர்' என்றுதான் அழைத்தார்கள்). ஸ்பெயினின் காடிஸ் நாடாளுமன்றம் 1812-ல் மித்தாவை ஒழிக்கும்வரை அந்த ஊர்கள் தப்பவில்லை.