நாலு பேர்

ஒரு வாரமாக முகநூலைத் திறந்தாலே தத்துவம்தான். 'இழப்பைப் போல ஆசான் இல்லை', 'பொறுமைதான் நம்ம மலையக மக்களின் சொத்து'. பின்னணியில் எப்போதும் அதே படம்: பச்சைப்பசேலென்று தேயிலை மலை, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு சிரிக்கிற ஓர் அம்மா. அந்த அம்மாவுக்கு அன்றைக்கு எத்தனை கிலோ கொழுந்து வந்தது, முழுப்பேர் விழுந்ததா அரைப்பேரா என்று எந்தப் படத்திலும் போட்டிருக்காது.

வெளியூர் நண்பர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் பேர் என்றால் பெயர் மட்டும் இல்லை, ஒரு நாள் சம்பளமும் அதுதான். விடியக்காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்குப் போய்ப் பேர் கொடுக்க வேண்டும். சொன்ன கிலோ வந்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். "இந்த மாசம் எத்தன பேரு?" என்று கேட்டால் எத்தனை நாள் சம்பளம் என்று அர்த்தம். லயம் என்பது வரிசையாக ஒட்டிய தோட்டத்து வீடுகள், காம்பரா அதில் ஓர் அறை. கல்யாணமாகி வந்த புதிதில் என் மனைவியிடம் பக்கத்துக் காம்பரா அக்கா இப்படிக் கேட்க, அவள் வீட்டு ஆட்களை எண்ணி "ஆறு பேரு" என்று சொல்லிவிட்டாள். கொழும்பில் வளர்ந்த பிள்ளை, பாவம். லயமே சிரித்தது.

நான் ஹட்டனில் சின்னதாக ஒரு கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோ கொப்பி, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, எல்லாவற்றுக்கும் மேலாக படிவம் நிரப்புவது. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சேமலாப நிதி என்கிற ஓய்வுக்காலச் சேமிப்பு, வெளிநாடு போகிற பிள்ளைகளின் காகிதங்கள். ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது பேரின் பெயரை எழுதுகிறவன் நான். சாதாரண தரப் பரீட்சை எழுதிய கையோடு கொழும்பு புறக்கோட்டைத் துணிக்கடைக்குப் போய், அங்கே ஏற்கெனவே என் பெயரில் ஒரு பொடியன் இருந்ததால் முதலாளி எனக்கு வேறு பெயர் வைத்து, எட்டு வருடம் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்தவன். பெயர் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் ரோசம் உண்டு.

அம்மாவின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அதில் ஒரு ழ இருக்கிறது, அது போதும். குலதெய்வத்தின் பெயரைத் தாத்தா ஆசையாக வைத்தார். வைத்தாரே தவிர, அவருக்கு எழுதத் தெரியாது. லயத்துக் காம்பராவில் பிறந்த பிள்ளைக்கு மருத்துவச்சிதான் சாட்சி. அப்படிப்பட்ட ஆட்களிடம்தான் 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம், உன் அப்பா இந்த நாட்டில் பிறந்ததைக் காட்டு, இல்லாவிட்டால் தாத்தாவும் பூட்டனும் பிறந்ததைக் காட்டு என்று கேட்டது. காட்டுக்குள் கோப்பி போடும்போது பிறந்த பூட்டனுக்கு எந்த ஆபிஸில் சான்றிதழ் கொடுத்தார்கள்?

பிறகு 1964 ஒக்டோபரில் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். அப்படி நாடற்றுப் போன எங்கள் ஆட்களில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேருக்கு இங்கே, மிச்சம் ஒன்றரை இலட்சத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம். 1974 இல் அந்த மிச்சத்தையும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். ரொட்டி பிய்க்கிற மாதிரி. எங்கள் சின்னத் தாத்தாவின் குடும்பம் ஹட்டனில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பலேறி, தமிழ்நாட்டில் கூடலூர்ப் பக்கம் தேயிலைக்கே போய்ச் சேர்ந்தது. அம்மாவோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்த சித்தப்பா மகள் அதில் போனாள். கொஞ்சக் காலம் கடிதம் வந்தது. அங்கே பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் எழுதிய கடிதங்கள். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா 1974 இல் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்தார். வயது பதினாலோ பதினைந்தோ. பின்னால் கொடுத்ததே அனுமான வயதுச் சான்றிதழ்தான். முதல் நாள் பெரட்டில் கங்காணி கேட்டபோது தாத்தா வீட்டில் கூப்பிடுகிற செல்லப் பேரைச் சொல்லியிருக்கிறார். அதுவே செக்ரோலில், தோட்டத்துப் பேர்ப் புத்தகத்தில், ஏறிவிட்டது. மறுவருடம் தோட்டம் வெள்ளைக்காரக் கம்பனியிடமிருந்து அரசாங்கத்துக்குப் போனது. 1992 இல் மறுபடியும் கம்பனிகளிடம் நிர்வாகத்தைக் கொடுத்தார்கள். ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஒரு கிளாக்கர் பழைய புத்தகத்தைப் பார்த்துப் புதிய புத்தகத்தில் எழுதினார். 1992 இல் யாரோ ஒரு நல்லவர் செல்லப் பேர் கூடாது, முழுப்பெயரைச் சொல் என்று கேட்டிருக்கிறார். கேட்டது சரி. ஆனால் அவருடைய கட்டத்துக்குள் அந்த நீளப் பெயர் அடங்கவில்லை. பின்பாதியை வெட்டிவிட்டார். தோட்டத்தில் பேர் வெட்டுவது என்றால் சம்பளத்தை வெட்டுவது. இது அசல் வெட்டு.

2003 இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டத்தோடுதான் நாடற்றவர் என்ற சொல் எங்கள் வீட்டை விட்டுப் போனது. தாத்தா அதைப் பார்க்க இல்லை. அதற்குப் பிறகு அம்மாவுக்கு அடையாள அட்டை எடுத்தோம். ஆங்கிலத்தில் 'எல்' என்று இருந்ததைப் பார்த்துச் சிங்களத்தில் எழுதி, சிங்களத்தைப் பார்த்துத் தமிழில் எழுதினால் ழ எங்கே இருக்கும்? ல ஆகிவிட்டது. அட்டையை வாங்கிப் பார்த்த நான், "ஏம்மா, பிழையா போட்டுருக்கானுங்களே" என்றேன். "வாயில கூப்புட்டா ரெண்டும் ஒன்னுதானேப்பா" என்றார் அம்மா. எங்கள் ஊரில் பலருக்கு அது ஒன்றுதான், ஒத்துக்கொள்கிறேன்.

அப்பாவைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கவ்வாத்துக்காரர், அதாவது தேயிலைச் செடியைக் கத்தரிக்கிறவர், கோபக்காரர், மூன்றெழுத்துப் பெயர். பிழை விடுவதற்கு இடமே இல்லாத பெயர். 55 வயதில் அவரே போய்ச் சேமலாப நிதியை வாங்கிக்கொண்டு வந்தார். இரண்டு வருடத்தில் போய்ச் சேர்ந்தார்.

அம்மா 2012 இல் வேலையை விட்டார். 38 வருடம். சேவைக்காலப் பணம் என்று தோட்டத்தில் கொடுத்தது 20 வருடத்துக்கு மட்டும். 1974 முதல் 1992 வரை வேலை செய்தது வேறு ஒருத்தியாம். செக்ரோலில் அந்தச் செல்லப் பேர்க்காரி இருக்கிறாள், இவர் இல்லை. வருடத்துக்கு 14 நாள் சம்பளம் என்பது 1983 ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ள கணக்கு. 18 வருடத்துக்கு 252 நாள். சேமலாப நிதியும் பெயர்க் குழப்பத்தில் நின்றது. பெண்களுக்கு 50 வயதில் எடுக்கலாம் என்பது வருகிறவர்களுக்கெல்லாம் நான் சொல்லிக்கொடுக்கிற பாடம். அம்மா இரண்டு மூன்று முறை கேட்டார். "ஒரு நாளைக்கு அந்தக் காகிதம் போட்டு வச்சிருக்கிற டின்னை எடுத்துக்கிட்டுக் கடைக்கு வாம்மா, பார்ப்போம்" என்றேன். சீசனில் கடையில் கூட்டம். சிவனொளிபாதமலைக்குப் போகிற சனம் டிசம்பரிலிருந்து வெசாக் வரைக்கும் ஹட்டனை விடாது. சீசன் முடிந்தால் மழை. மழை முடிந்தால் பிள்ளைகளின் சோதனை. இப்படியே ஏழு வருடம். ஊருக்கெல்லாம் படிவம் நிரப்பினேன்.

2019 பெப்ரவரியில் அம்மா போனார். மயானம் மேட்டில் இருக்கிறது. நாலு பேர் மாற்றி மாற்றித் தூக்கியும் மூச்சு வாங்கியது, அம்மா என்னவோ முப்பத்தைந்து கிலோ கூட இருந்திருக்க மாட்டார்.

இறப்பைப் பதியப் போனபோது நான் ஒரு காரியம் செய்தேன். பதிவாளர் ஐயா தமிழர். அவர் பேனாவை எடுத்ததும் "ஐயா, மயிலுக்கு வர்ற ல இல்ல, மழைக்கு வர்ற ழ" என்று சொல்லி, ஒரு துண்டில் எழுதியும் காட்டினேன். அழகாக எழுதினார். அம்மாவின் பெயர் அரசாங்கக் காகிதம் ஒன்றில் முதல் தடவையாகச் சரியாக வந்தது. வீட்டுக்கு வந்து எல்லாரிடமும் காட்டினேன். பெருமையாகத்தான் இருந்தது, வெட்கப்படாமல் சொல்கிறேன்.

அந்தச் சரியான பெயர்தான் எல்லாவற்றையும் நிறுத்தியது. செக்ரோலில் ஒருத்தி, சம்பளச் சிட்டையில் பாதிப் பெயரோடு ஒருத்தி, அடையாள அட்டையில் ல போட்ட ஒருத்தி. செத்தது இந்த மூவரும் இல்லாத நாலாவது ஒருத்தி. நான் ல என்றே விட்டிருந்தால் ஒரு சிக்கலாவது குறைந்திருக்கும். சேமலாப நிதிக்குப் போன இடத்தில், கவுண்டரில் இருந்த சிங்கள அம்மா எல்லாக் காகிதத்தையும் மேசையில் பரப்பி வைத்துவிட்டு, "மல்லி, உங்க அம்மாவுக்கு எத்தனை பேர்?" என்று சிங்களத்தில் கேட்டார். மல்லி என்றால் தம்பி. அவர் கேட்டது பெயரைத்தான். கிண்டலும் இல்லை. எனக்குத்தான் அது வேறு மாதிரிக் கேட்டது. சத்தியக்கடதாசி ஒன்று வேண்டும், பழைய சம்பளச் சிட்டைகள் இருந்தால் கொண்டு வாருங்கள் என்றார்.

அன்றிரவுதான் டின்னைத் திறந்தேன். மலிபன் பிஸ்கட் டின், மூடி துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது. உள்ளே சிட்டைகள் வருட வாரியாகக் கட்டு கட்டாக இருந்தன, ஒவ்வொரு கட்டுக்கும் பழைய சேலைக் கரையில் கிழித்த நாடா. அடியில் கூடலூர்க் கடித உறைகள் மூன்று. அவற்றில், நீல மையில், பள்ளிக்கூடப் பிள்ளையின் கோணல் எழுத்தில் அம்மாவின் பெயர். ழ சரியாக இருந்தது.

ஒரு சிட்டையைத் திருப்பினேன். பின்பக்கம் பேனாக் கோடுகள். நாலு கோடு நின்று ஐந்தாவது குறுக்கே விழுந்த கட்டுகள். கடைசியில் ஒரு கோடு மட்டும் பாதி உயரம். அடுத்ததிலும் அப்படியே. எல்லாவற்றிலும். பாதிக் கோடு அரைப்பேர் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. எழுதத் தெரியாத மனுஷி மாதா மாதம் தன் பேரைத் தானே எண்ணி வைத்திருக்கிறார். முன்பக்கம் அச்சடித்த நாள் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். பல மாதங்களில் சரி. சில மாதங்களில் ஒன்றோ ஒன்றரையோ உதைக்கிறது. உதைக்கிற சிட்டைகளில் மூலை மடிக்கப்பட்டிருந்தது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. நான் பள்ளிக்கூடம் போகிற காலத்தில், சம்பள நாள் இரவில், குப்பி லாம்புக்குப் பக்கத்தில் சிட்டையை நீட்டி "தம்பி, இதுல எத்தன பேருன்னு போட்டுருக்கு பாரு" என்பார். நான் படுத்தபடியே எண்ணைப் படித்துச் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வேன். "ம்ம்" என்பார். அந்த 'ம்ம்' சரி என்ற ம்ம் இல்லை என்று எனக்கு நாற்பத்துச் சொச்ச வயதில், அவர் செத்த பிறகு விளங்கியது.

அதனால்தான் இந்தப் 'பொறுமை' பதிவுகளைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அம்மாவைப் பார்த்து ஊரே பொறுமைசாலி என்றது. நானும்தான் சொன்னேன், கருமாதி நோட்டிஸில் கூட அச்சடித்தேன். பொறுமை என்ன பொறுமை? கணக்கு வைத்திருந்தார். கேட்பதற்கு ஆள் இல்லை, படித்த மகனுக்கு நேரம் இல்லை. 2023 இல், எங்கள் ஆட்கள் இங்கே வந்து இருநூறு வருடம் ஆனதற்கு, மலையகம் 200 என்று மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தபோது நானும் ஒரு நாள் கூட நடந்தேன். மேடையில் உழைப்பு, தியாகம், இரத்தம் என்றெல்லாம் பேசினார்கள். எல்லாம் சரி. எங்கள் லயத்தில் அந்த மாதிரிக் கோடு போட்ட டின் எத்தனை வீட்டில் இருக்கிறது என்றுதான் எனக்கு ஓடிக்கொண்டிருந்தது.

சத்தியக்கடதாசியை நானே டைப் அடித்தேன். 'மேற்குறிப்பிட்ட நான்கு பெயர்களும் ஒரே ஆளையே குறிக்கும்.' மற்றவர்களுக்காக நூறு தடவைக்கு மேல் அடித்த வரி. அன்றைக்கு அந்த வரியில் இரண்டு தடவை பிழை விட்டேன். குவைத்தில் வேலை செய்கிற தங்கச்சியின் கையெழுத்து வர நாலு மாதம், கொரோனாவில் எல்லாம் மூடிக் கிடந்தது ஒரு வருடம். பணம் 2021 இல் வந்தது, தோட்டத்தில் ஒரு பேர் 1,000 ரூபாயாக உயர்ந்த வருடம். மறுவருடம் அரிசியும் மண்ணெண்ணெயும் விற்ற விலையில் அந்தப் பணம் என்ன ஆனது என்று சொல்ல வேண்டியதில்லை. அம்மா 50 வயதில் எடுத்திருந்தால் ஒரு காம்பரா கூட்டிக் கட்டியிருப்போம், இஸ்தோப்புத் திண்ணையில் படுத்திருக்க வேண்டியதில்லை. 252 நாள் இன்னும் வரவில்லை. கடிதம் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

சரி, நீளமாகிவிட்டது. விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை பெயர் பார்ப்பதற்கு மட்டும் கடையைத் திறந்து வைக்கிறேன். காசு வேண்டாம். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பழைய சிட்டை, செக்ரோல் நம்பர், எது இருக்கிறதோ எடுத்து வாருங்கள். அம்மாவையோ அப்பாவையோ கையோடு கூட்டி வந்தால் நல்லது. போன வாரம் பொகவந்தலாவைப் பக்கமிருந்து ஒரு பாட்டி வந்தார். மூன்று காகிதத்தில் மூன்று பெயர். "இதுல எதும்மா நீங்க?" என்று கேட்டேன். பாட்டி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எல்லாத்தயும் படிங்க தம்பி, கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார்.

படித்தேன்.

"மூணுமே இல்ல" என்றார்.

பேனாவை எடுத்து, மெதுவாகச் சொல்லச் சொன்னேன்.