லெடோ சாலை 1942-இல் இல்லை

தம்பி, இந்திய-பர்மா எல்லையில் பாங்சாவ் கணவாய்ப் பக்கம் காடு மூடிக்கிடக்கும் பழைய லெடோ மோட்டார் சாலையை நீங்கள் எடுத்த படங்கள் அருமை. ஆனால் ‘1942-இல் பர்மாத் தமிழர்கள் இந்தச் சாலை வழியாகத்தான் தப்பினார்கள்’ என்று படக்குறிப்பில் எழுதியிருப்பது தவறு. அப்போது இந்தச் சாலையே கிடையாது. அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் அசாமின் லெடோவில் வேலையைத் தொடங்கியதே 1942 டிசம்பரில்தான். முதல் லாரி அணி 1945 ஜனவரி 12-இல் புறப்பட்டு, பிப்ரவரி 4-இல் சீனாவின் குன்மிங் சேர்ந்தது.

ஜப்பானியரிடம் ரங்கூன் (இன்றைய யாங்கோன்) விழுந்ததோ 1942 மார்ச்சில். தரைவழியாகப் போன நம்மவர்களில் பெரும்பாலோர் பர்மா எல்லை ஊரான தமு வழியாக மணிப்பூருக்கும், அரக்கான் வழியாகச் சிட்டகாங்குக்கும் போனார்கள். யாங்கோனில் எங்கள் வீட்டுப் பெரியவர்களும் தமு வழியைத்தான் சொல்வார்கள். வட பர்மாவின் ஹூக்காங் பள்ளத்தாக்கு வழியாகப் பாங்சாவைக் கடந்தவர்களும் உண்டு. அவர்கள் நடந்தது மழையில் சேறாகிப்போன காட்டுப்பாதையில். பசியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். லாரி ஓடும் சாலையில் வந்தார்கள் என்றால் அவர்கள் பட்ட பாடே மறைந்துபோகும், எனக்குப் பொறுக்கவில்லை.

சாலையை வெட்டிய அமெரிக்க வீரர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கறுப்பினத்தவர். அதையும் சேருங்கள். ஓரத்தில் துருவேறிக் கிடக்கும் 4 அங்குலக் குழாயைத் தண்ணீர்க் குழாய் என்கிறீர்கள். சாலையோடு போடப்பட்டவை எரிபொருள் குழாய்கள். படக்குறிப்பைத் தயவுசெய்து இன்றே மாற்றிவிடுங்கள்.